ஜியானா, ஐ3-யா? கேமுக்கும் அன்றாட வேலைக்கும் ப்ராசசர் வாங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஆன்லைன் கடைகள் வரை "14 கோர், 28 த்ரெட், 32 ஜிபி ரேம், கேமிங் பிசி" என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சர்வரிலிருந்து கழற்றிய இன்டெல் ஜியான் ஈ5-2680 வி4. அதே பணத்துக்கு அருகில் புது ஐ3-12100எஃப் வருகிறது, ஆனால் அதில் கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி, 4 மட்டும்தான். சேர்த்து வைத்த காசு என்பதால் எதை எடுப்பது என்று குழம்புவது நியாயம். அந்தக் குழப்பத்தில் வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

14 கோரை 4 கோர் எப்படி கேமில் முந்த முடியும்?

ஒரு கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 6.9 மில்லிநொடிதான். அந்த நேரத்துக்குள் நீங்கள் அழுத்திய கீ, எதிரியின் நகர்வு, மோதல் கணக்கு, கிராஃபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டிய கட்டளைகள் எல்லாம் முடிய வேண்டும். இவற்றில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். குண்டு எங்கே பட்டது என்று தெரியாமல் யார் விழுந்தார் என்று கணக்கிட முடியாது. அதனால் ஏறத்தாழ எல்லா கேமிலும் ஒரு முதன்மை த்ரெட், அதாவது வரிசையாக நடக்கும் ஒரு வேலைத்தொடர், இருக்கும். மற்ற கோர்கள் அது முடியும்வரை காத்திருக்கும்.

கூட்டம் நிறைந்த ஒரு நகரக் காட்சியில் அந்த முதன்மை த்ரெட்டின் வேலை ஐ3-12100எஃப்-இல் 9 மில்லிநொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நொடிக்கு 111 ஃப்ரேம். ஈ5-2680 வி4-இன் ஒற்றைக் கோர் வேகம் ஏறத்தாழ பாதி. அதே வேலைக்கு 18 மில்லிநொடி, அதாவது 55 ஃப்ரேம். அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ப்ராசசர் பயன்பாடு 20, 25 சதவீதம் என்று காட்டும். கிராஃபிக்ஸ் கார்டும் 60 சதவீதத்தில் நிற்கும். இரண்டுமே சும்மா இருப்பதுபோல் தெரிகிறதே, பிறகு ஏன் திக்குகிறது என்று பலர் கார்டை மாற்றிவிடுகிறார்கள். கார்டில் குறை இல்லை. ஒரே ஒரு கோர் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருக்கிறது, மற்ற 13 அதற்காகக் காத்திருக்கின்றன.

ஜியானின் 3.3 கிகாஹெர்ட்ஸுக்கும் ஐ3-இன் 4.3-க்கும் 30 சதவீதம்தானே வித்தியாசம்? பாதி வேகம் என்பது எப்படி?

கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது மட்டும். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வேறு கணக்கு. ஈ5-2680 வி4 2016-இல் வந்த பிராட்வெல் வடிவமைப்பு. ஐ3-12100எஃப் 2022-இல் வந்த ஆல்டர் லேக். இடைப்பட்ட காலத்தில் ஒரு துடிப்பில் செய்யும் வேலை வெகுவாகக் கூடிவிட்டது. இரண்டும் பெருகும்போதுதான் ஏறத்தாழ இரட்டிப்பு வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 3.3 கிகாஹெர்ட்ஸ், ஓரிரு கோர்கள் மட்டும் வேலை செய்யும்போது கிடைப்பது. எல்லாக் கோர்களும் விழித்துக்கொண்டால் 2.9-க்கு இறங்கிவிடும். கேம் எல்லாக் கோர்களையும் கொஞ்சம் கொஞ்சம் சீண்டிக்கொண்டே இருப்பதால் 3.3-ஐ நீங்கள் பார்ப்பது அரிது.

அப்படியானால் சர்வர் ப்ராசசரை ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

அது வேறு வேலைக்காகப் பிறந்தது. ரயில் டிக்கெட் தளத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் இருக்கை தேடுகிறார்கள். ஒவ்வொருவரின் கோரிக்கையும் சிறியது, பெரும்பாலும் மற்றவருடையதைச் சாராதது. அங்கே ஒருவருக்கு மின்னல் வேகம் தேவையில்லை, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பதில் போக வேண்டும். அதற்குக் கோர் நிறைய வேண்டும். வெப்பத்தை அடக்க ஒவ்வொரு கோரின் வேகமும் குறைய வேண்டும். ஏஎம்டி எப்பிக் 9654-ஐப் பாருங்கள்: 96 கோர், 360 வாட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். கல்யாணப் பந்தியில் பரிமாற 14 பேர் நின்றால் பந்தி சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு பாத்திரத்தில் கொதிக்கும் பாயசத்தை 14 பேர் சேர்ந்து சீக்கிரம் கொதிக்க வைக்க முடியாது. கேம் அந்தப் பாயசம்.

ஜியானில் எல்3 கேஷ் 35 எம்பி, ஐ3-இல் 12 எம்பி. கேஷ் அதிகம் என்றால் கேமுக்கு நல்லதுதானே?

கேஷ் என்பது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம். வேகமான கோரின் பக்கத்தில் இருந்தால் நல்லது. ரைசன் 7 7800எக்ஸ்3டி கேமில் இவ்வளவு பெயர் வாங்கியது 96 எம்பி எல்3 கேஷால்தான், ஆனால் அந்த கேஷ் 5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் கோர்களுக்கு அருகில் இருக்கிறது. ஈ5-இன் 35 எம்பி ஒரு கோருக்கு 2.5 எம்பி என்று துண்டு துண்டாகச் சிப் முழுதும் பரவிக் கிடக்கிறது. தூரத்துத் துண்டிலிருந்து டேட்டா வந்துசேர நேரம் ஆகும். கொஞ்சம் உதவும். ஆறு ஆண்டு இடைவெளியை அடைக்காது.

சரி, ஈ5-2680 வி4-இல் கேமே ஓடாதா?

ஓடும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், கார்டு ஆர்எக்ஸ் 580 அல்லது ஜிடிஎக்ஸ் 1660 அளவு, விளையாடுவது தனியாள் கதை கேம்கள் என்றால் பெரும்பாலும் கார்டுதான் எல்லையாக இருக்கும், ப்ராசசரின் மந்தம் வெளியே தெரியாது. வாலரன்ட், சிஎஸ்2 போன்ற போட்டி கேம்களில்தான் அடிபடும். அங்கே கார்டுக்கு வேலை குறைவு, எல்லாப் பாரமும் முதன்மை த்ரெட்டில் விழும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத் தெரிந்தாலும் புகை குண்டு வெடிக்கும் கணத்தில் சரியும், நீங்கள் தோற்பது அந்தக் கணத்தில்தான். ஒப்பிடும்போது சராசரியைப் பார்க்காமல் "1% லோ" என்ற எண்ணை, அதாவது மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகத்தை, பாருங்கள்.

சில புது கேம்கள் திறக்கவே மறுக்கின்றனவே?

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது கட்டளைத் தொகுப்பு, அதாவது ப்ராசசருக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல். ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 என்பவை அதில் பின்னாளில் சேர்ந்தவை. ஏவிஎக்ஸ்2 இல்லாத ப்ராசசரில் சில புது கேம்கள் தொடங்காது, அல்லது தொடங்கியதும் மூடிக்கொள்ளும். ஜியான் ஈ5-இல் வி3, வி4 இரண்டிலும் ஏவிஎக்ஸ்2 உண்டு. எண்ணுக்குப் பின்னால் வி2 என்று இருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ, அதாவது எக்ஸ்79 போர்டில் டிடிஆர்3 ரேமுடன் வரும் வகை என்றால், ஏவிஎக்ஸ்2 கிடையாது. அதற்கும் முந்தைய ஜியான்களான எக்ஸ்5650, எக்ஸ்5670-இல் ஏவிஎக்ஸே இல்லை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் இந்த இரண்டு வகையையும் இனி கேமுக்காக வாங்காதீர்கள்.

இரண்டாவது ஏமாற்றுத் தடுப்பு. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் கேட்கிறது. ஈ5 வி3, வி4-உடன் வரும் மலிவு எக்ஸ்99 போர்டுகள் பலவற்றில் டிபிஎம் செருகும் இடமே இருக்காது. பயாஸில் செக்யூர் பூட் என்று ஒரு வரி தெரியும், ஆன் செய்தால் சில போர்டுகளில் கணினி எழும்பாது.

விண்டோஸ் 11 போட முடியுமா?

அதிகாரப்பூர்வமாக முடியாது. இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஆதரவு. ஈ5 வி3, வி4 அந்தப் பட்டியலில் இல்லை. ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் விண்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டி நிறுவலாம், அன்றாடம் ஓடவும் செய்யும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட்டை நீங்களே கையால் போட வேண்டிவரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதால் "பத்திலேயே இருந்துகொள்கிறேன்" என்பதும் நல்ல வழி இல்லை. லினக்ஸ் பயன்படுத்துபவருக்கு இந்தக் கவலை இல்லை.

எக்ஸ்99 என்ற பெயரில் வரும் சீன மதர்போர்டுகளில் என்னதான் பிரச்சினை?

ப்ராசசரைவிடப் பெரிய தலைவலி இதுதான். ஜியான் ஈ5 சிப் எளிதில் சாகாது. பத்தாண்டு ஓடிய சிப்பும் இன்னும் பத்தாண்டு ஓடும். போர்டு அப்படியல்ல.

பெட்டியில் எக்ஸ்99 என்று இருந்தாலும் பல போர்டுகளில் உள்ளே இருப்பது பி85, எச்81, க்யூ87 போன்ற பழைய டெஸ்க்டாப் சிப்செட். வேறு போர்டிலிருந்து பெயர்த்து ஒட்டியது. சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து "மெயின்போர்டு" பக்கத்தில் சவுத்பிரிட்ஜ், அதாவது சிப்செட், என்ன பெயர் காட்டுகிறது என்று பாருங்கள்.

அடுத்து விஆர்எம், அதாவது ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி. ஈ5-2680 வி4 120 வாட் சிப். சாக்கெட்டின் ஓரத்தில் கறுப்புச் சதுரங்களாக இருக்கும் மாஸ்ஃபெட்டுகள் மேல் அலுமினியப் பட்டை இல்லாவிட்டாலோ, தொட்டால் ஆடும்படி ஒட்டியிருந்தாலோ அந்தப் போர்டை எடுக்காதீர்கள். வெயில் காலத்தில் ஏசி இல்லாத அறையில் அரை மணி நேரம் ரெண்டர் போட்டால் வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸுக்கு விழும். ப்ராசசர் வெப்பம் 60 டிகிரிதான் காட்டும், அதனால் காரணம் புரியாது. சுட்டுக்கொண்டிருப்பது விஆர்எம்.

எம்.2 ஸ்லாட்டிலும் ஏமாறலாம். சில போர்டுகளில் அது சாட்டா மட்டும். சிலவற்றில் சிப்செட் வழியாக பிசிஐஇ 2.0 என்ற பழைய இணைப்பில் ஓடும். கிறிஸ்டல்டிஸ்க்மார்க் சோதனையில் படிக்கும் வேகம் நொடிக்கு 1,700 எம்பிக்கு மேல் ஏறவே இல்லை என்றால் அதுதான் காரணம், எஸ்எஸ்டியைக் குறை சொல்லாதீர்கள்.

ஸ்லீப்பில் போட்டால் திரும்ப எழாதது, ரேமை மாற்றினால் படம் வராமல் சிமோஸ் பேட்டரியைக் கழற்றிப் போட வேண்டியிருப்பது, பயாஸ் அப்டேட் எங்கும் கிடைக்காதது ஆகியவை இந்தப் போர்டுகளில் சாதாரணம். கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரேயடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதியும் பெரும்பாலும் இருக்காது, ஆகவே இன்டெல் ஆர்க் கார்டு இதற்குப் பொருந்தாது. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி கார்டுகளும் வேண்டாம். அவற்றுக்கு டேட்டா போகும் பாதை, அதாவது லேன், நான்குதான், பிசிஐஇ 3.0 போர்டில் தடுமாறும்.

கூலர் வாங்கும்போதும் அளவு பாருங்கள். எல்ஜிஏ 2011-3 சாக்கெட்டில் இரண்டு பொருத்து வகை உண்டு: 80க்கு 80 மில்லிமீட்டர் சதுரம், 56க்கு 94 மில்லிமீட்டர் குறுகல். ஒன்றுக்கானது மற்றதில் உட்காராது.

சர்வர் ரேமை அப்படியே போடலாமா?

ஈ5 ப்ராசசரில் போடலாம். அதன் பெரிய லாபமே அதுதான். ஆனால் ஆர்டிம் எனப்படும் ரெஜிஸ்டர்டு ரேமையும் சாதாரண டெஸ்க்டாப் ரேமையும் கலக்கக் கூடாது, கணினி எழும்பாது. அந்த ஆர்டிம் பின்னாளில் ஐ3, ஐ5, ரைசன் 5 போர்டு எதிலும் வேலை செய்யாது என்பதையும் கணக்கில் வையுங்கள். மேம்படுத்தும் நாளில் ரேம் காசும் போய்விடும்.

ஈ5 ப்ராசசருக்கு ரேமுடன் பேச நான்கு சேனல், அதாவது நான்கு வழி, உண்டு. 32 ஜிபி ஒரே குச்சியாகக் கொடுத்தால் ஒரு சேனல்தான் வேலை செய்யும், கேமில் திக்கல் நேராகத் தெரியும். 8 ஜிபி நான்கு கேளுங்கள். போர்டில் நான்கு ஸ்லாட் இருப்பதாலேயே நான்கு சேனல் என்று நம்பிவிடாதீர்கள், சிபியு-இசட்டின் மெமரி பக்கத்தில் "க்வாட்" என்று வருகிறதா பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். என்ன செய்து தேற்றலாம்?

நான்கு சேனல் ரேமை முதலில் சரிசெய்யுங்கள், செலவுக்கு ஏற்ற பலன் அதில்தான் அதிகம். விண்டோஸ் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். பயாஸில் டர்போ, அதாவது தேவைப்படும்போது கோரின் வேகத்தை ஏற்றும் வசதி, ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், சில போர்டுகள் அணைத்த நிலையிலேயே வரும்.

அதே போர்டில் கோர் குறைவான, வேகம் கூடுதலான சிப்பை மாற்றுவதும் நல்ல வழி. ஈ5-1650 வி4 என்றால் 6 கோர், 4.0 கிகாஹெர்ட்ஸ் டர்போ. ஈ5-2667 வி4 என்றால் 8 கோர், 3.6. கோர் பாதியாகக் குறைந்தும் கேம் கூடுதல் வேகத்தில் ஓடுவதை நேரில் பார்ப்பீர்கள். 1650 வி4 140 வாட் என்பதால் விஆர்எம் நன்றாக இருந்தால் மட்டும்.

வி3 சிப்களில் "டர்போ அன்லாக்" என்றொரு வித்தை இருக்கிறது. பயாஸிலிருந்து மைக்ரோகோடை (ப்ராசசரின் உள் நிரலுக்கான திருத்தம்) நீக்கி எல்லாக் கோர்களையும் உச்ச டர்போவில் ஓடவிடுவது. வி4-இல் இது வேலை செய்யாது. பயாஸ் எழுதும்போது மின்வெட்டு வந்தால் போர்டு செத்துவிடும், சிஎச்341ஏ ப்ரோக்ராமர் வைத்துச் சிப்பில் நேரடியாக எழுதித்தான் மீட்க முடியும். அந்தக் கருவியும் பழைய பயாஸின் நகலும் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

இரண்டு ப்ராசசர் போர்டு வாங்கினால் 28 கோர் ஆகுமே?

ஆகும், கேமுக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு ப்ராசசர் மற்றதன் ரேமிலிருந்து டேட்டா எடுக்கச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் சில கேம்களில் இன்னும் மோசமாகும். விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரு ப்ராசசரைத்தான் ஏற்கும், ப்ரோ வேண்டும்.

டேலி, எக்செல், பிரவுசர், ஆன்லைன் வகுப்பு: இவற்றுக்கு?

ஐ3 போதும், ஜியானைவிடச் சுறுசுறுப்பாகவும் இருக்கும். இணையப் பக்கம் திறப்பது, டேலியில் பெரிய கம்பெனி டேட்டாவை ஏற்றுவது, ஃபோட்டோஷாப்பில் பிரஷ் இழுப்பது எல்லாம் பெரும்பாலும் ஒரு கோரையும் எஸ்எஸ்டியையும் நம்பியவை. எக்செல் சூத்திரங்கள் பல கோர்களில் ஓடும், மேக்ரோ ஒரே த்ரெட்டில்தான் ஓடும். அலுவலக வேலைக்கு மட்டும் என்றால் எஃப் எழுத்து இல்லாத ஐ3-12100 எடுங்கள். உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் தனிக் கார்டு வேண்டாம். ஈ5-இல் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, வெறும் மெயில் பார்க்கவும் ஒரு கார்டு செருக வேண்டும்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். கோர் அதிகம் வேண்டாமா?

இன்றைய கேமராக்கள் பல எச்.265, 10 பிட், 4:2:2 வகையில் பதிகின்றன. இதை டைம்லைனில் தடங்கலின்றி ஓட்ட, இந்த வகையைக் கையாளும் குவிக்சிங்க், அதாவது இன்டெல் உள் கிராஃபிக்ஸிலுள்ள வீடியோ பகுதி, வேண்டும். 11-ஆம் தலைமுறை முதல், உள் கிராஃபிக்ஸ் உள்ள இன்டெல் சிப்களில் அது உண்டு. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் 4:2:2 வந்தது. இது இல்லாத ஜியான் தன் 14 கோரையும் சுருக்கிய வீடியோவை விரிக்கும் டீகோடிங்கிலேயே செலவழிக்கும், ப்ளேஹெட் தத்தித் தத்திப் போகும். ஆகவே ஐ5-12400. எஃப் போட்டதை வாங்கிக் கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், நீங்கள் இழப்பது சரியாக அந்த குவிக்சிங்க்கைத்தான்.

மொத்த வேலைத்திறனில் 14 கோர் ஜெயிக்குமே?

ஐ3-ஐ ஜெயிக்கும். 6 கோர் ரைசன் 5 5600-உம் ஐ5-12400-உம் ஏறத்தாழ அதற்குச் சமமாக நிற்கும், குறைந்த மின்சாரத்தில். 2016-இன் 14 கோர் 2022-இன் 6 கோருக்குள் அடங்கிவிட்டது.

கரண்ட் பில்?

ஜியான் செட் ஐ3 செட்டைவிடச் சுவர் ப்ளக்கில் 60 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வையுங்கள். தினம் 8 மணி நேரம் ஓடினால் மாதம் 14.4 யூனிட், தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்குக்கு 29 யூனிட் வரும். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு என்றால் அடுக்கு மாறி பில் துள்ளும். அங்கே இது சின்ன விஷயம் இல்லை.

ஈ3-1230 வி3 நல்லது என்கிறார்களே, அதுவும் ஜியான்தானே?

பெயர்தான் ஜியான். 4 கோர், 8 த்ரெட், 3.7 கிகாஹெர்ட்ஸ், உள் கிராஃபிக்ஸை எடுத்துவிட்ட நான்காம் தலைமுறை ஐ7 என்று சொல்லலாம். உங்களிடம் ஐ5-4570 போட்ட பி85, எச்81 போர்டு இருந்தால், போர்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு இதை மாற்றிக்கொள்ளலாம். மலிவான, பயனுள்ள மேம்பாடு. ஈ3 வி5-இலிருந்து சி232, சி236 சிப்செட் கட்டாயம், சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஓடாது. இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தில் காசை இழந்தவர்கள் நிறைய.

இதே கதை ஏஎம்டியிலும் உண்டு. 2024 மே மாதம் வந்த எப்பிக் 4004 வரிசை ரைசன் 7000-இன் அதே சிப், அதே ஏஎம்5 சாக்கெட். பெயரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

அப்படியானால் ஈ5 ஜியானை யார்தான் வாங்கலாம்?

ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு ஏழெட்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டிப் பழகும் மாணவர், பிழையைத் தானே திருத்தும் 128 ஜிபி ஈசிசி ரேமுடன் வீட்டில் ஸ்டோரேஜ் சர்வர் வைப்பவர், பல கார்டுகளைச் செருகுபவர். அதன் 40 பிசிஐஇ லேன் ஐ5-12400-இன் 20-க்கு இரட்டிப்பு. இவர்களுக்கு இன்றும் இது அருமையான சிப். அவர்களும் சீனப் போர்டைத் தவிர்த்து, பெரிய நிறுவனங்கள் கழித்துவிடும் வொர்க்ஸ்டேஷனை முழு கேபினட்டாக வாங்குவது மேல்.

கேமுக்கு இன்று என்ன சேர்க்கலாம்?

ஐ3-12100எஃப், எச்610 டிடிஆர்4 போர்டு, 8 ஜிபி 3200 ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ, ஆர்எக்ஸ் 6600, 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கல) தரத்தில் 550 வாட் எஸ்எம்பிஎஸ். கொஞ்சம் கூட்ட முடிந்தால் ப்ராசசரை மட்டும் ஐ5-12400எஃப் ஆக்குங்கள், அதே போர்டில் உட்காரும். ரைசன் 5 5600-உடன் பி550 போர்டும் இதே தகுதிதான், பக்கத்துக் கடையில் எது குறைவோ அதை எடுங்கள்.

கடையில் பழைய ஜியான் செட்டை எப்படிச் சோதிப்பது?

ப்ராசசரைக் கழற்றச் சொல்லுங்கள். மூடியில் "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என்று இருந்தால் அது பொறியாளர் சோதனைக்கான மாதிரி, வேண்டாம். 2680 வி4-க்கு எஸ்ஆர்2என்7 என்ற குறியீடு இருக்க வேண்டும். எல்ஜிஏ 2011-3-இல் பின்கள் போர்டில்தான் இருக்கும். போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், எல்லாப் பின்களும் ஒரே வரிசையில் மின்ன வேண்டும். ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால் வளைந்திருக்கிறது, ஒரு ரேம் சேனல் காணாமல் போகலாம். மாட்டிய பின் எல்லா ஸ்லாட்டிலும் ரேம் தெரிகிறதா, சினிபெஞ்ச் சோதனை 30 நிமிடம் ஓடியும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸை விட்டு இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.